மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெப்பத்தடுப்புப் படலம்

பிற்பகல் வெயில் நேராக விழும் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில், குளிர்சாதனத்தை 25 டிகிரி செல்சியஸில் வைத்தாலும் எளிதில் குளிராது. தடித்த திரை, உள்ளே நுழைந்துவிட்ட வெப்பத்தை வாங்கி அறைக்குள்ளேயே விடுகிறது. நாமே ஒட்டிக்கொள்ளும் இந்தப் படலமோ அதில் ஒரு பகுதியைக் கண்ணாடியிலேயே தடுத்துவிடுகிறது.

ஒட்டும் வேலைக்குப் பொறுமை வேண்டும். கண்ணாடியைத் தூசியின்றித் துடைத்து, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுக் கலந்த நீரைத் தாராளமாகத் தெளித்து, படலத்தை மேலிருந்து இறக்கி, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி நீரைத் தள்ள வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. சிக்கிய நீர் நாளடைவில் உலர்ந்துவிடும், சிக்கிய தூசியோ அப்படியே நிற்கும். பெட்டியுடன் தரப்படும் பிளாஸ்டிக் தேய்ப்பான் படலத்தையே கீறுகிறது (ரப்பர் விளிம்பாவது வைத்திருக்கலாம்), ஆகவே அதன்மேல் மெல்லிய துணி சுற்றிக்கொள்வது நல்லது.

படலம் ஒட்டியபின் ஜன்னலோரக் கட்டிலின் சூடு நன்றாகவே குறைந்துள்ளது. வெளிச்சமும் சற்று மங்குகிறது. நிழல் விழும் தாழ்வாரப் பக்க ஜன்னலுக்கு இது வீண் செலவு. கம்பிவலை பதித்த கண்ணாடியில் ஒட்டவே வேண்டாம், வெப்பம் ஏறி விரிசல் விடக்கூடும்.