ஸ்விஃப்ட் டர்போவுக்கு எக்ஸோஸ்ட் மாற்றி மலையில் ஓட்டிய அனுபவம்

எங்கள் ஹட்டன் பக்கத்தில் டர்போ கார் வைத்திருக்கும் பையன்களிடம் ஒரு கதை சுற்றுகிறது. பின்னால் இருக்கும் சைலன்சரைத் தூக்கிவிட்டு அகலமான பைப் போட்டால் பத்துப் பதினைந்து குதிரைவலு சும்மா கிடைக்குமாம். என் காரில் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தாலும், மாற்றிப் போட்ட எக்ஸோஸ்ட்டைக் கழற்ற இன்றுவரை மனம் வரவில்லை. டர்போ காருக்கு எக்ஸோஸ்ட் தேடுகிறவர்களுக்கு, அதுவும் மலைநாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு, என் அனுபவம் உதவும் என்று நினைக்கிறேன்.

கார் 2018 சுசுகி ஸ்விஃப்ட் ஆர்எஸ் டர்போ. ஜப்பானில் ஓடி ரீகண்டிஷனாக வந்தது. 996 சிசி, மூன்று சிலிண்டர், 102 குதிரைவலு, 150 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் ஓட்டோ. எடை ஒரு டன்னுக்கும் குறைவு என்பதால் ஏற்றத்தில் நன்றாகவே இழுக்கும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் விலை எட்டாத உயரம். ஆகவே கையில் இருப்பதை நன்றாக வைத்துக்கொள்வோம் என்று இருந்தபோதுதான் கம்பெனி சைலன்சரின் அடிப்பக்கம் ஓட்டை விழுந்தது. ஜப்பானில் பனி விழும் பகுதிகளில் ரோட்டுக்கு உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய வாகனங்களுக்கு அடிப்பக்கம் அரித்துத்தான் இருக்கும். மிச்சத்தை எங்கள் ஊர் ஈரம் பார்த்துக்கொண்டது. எப்படியும் ஏதோ ஒன்று வாங்கியாக வேண்டும்.

மூன்று வழி இருந்தது. பாவித்த ஒரிஜினலைத் தேடிப் பிடிப்பது ஒன்று. ஜப்பான் கம்பெனிகள் இந்த மொடலுக்கென்றே செய்யும் செட்டை இறக்குவது இரண்டாவது. மூன்றாவது, நல்ல பாஸ் (கைதேர்ந்த மெக்கானிக்) ஒருவரிடம் பைப் வளைத்துச் செய்துகொள்வது. பாவித்த ஒரிஜினல் வாங்கினால் அதே அரிப்பு இரண்டு வருடத்தில் திரும்ப வரும். ஜப்பான் செட் அருமையாகப் பொருந்தும். ஆனால் கூரியர் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்ததும் அந்தப் பக்கமே போகவில்லை. கண்டியில் ஆர்கன் வெல்டிங் செய்யும் ஒரு பாஸைப் பிடித்தேன்.

அவருக்கும் எனக்கும் முதல் நாளே வாக்குவாதம். "தம்பி, பேக் பிரஷர் கொஞ்சம் இருக்கணும். இல்லாட்டி ஏத்தத்துல இழுவை போயிரும்," என்றார். புகை வெளியேறும்போது எதிர்த்து நிற்கும் அழுத்தத்தைத்தான் பேக் பிரஷர் என்கிறார். டர்போ இல்லாத எஞ்சினில் அளவுக்கு மீறி அகலமான பைப் போட்டால் புகையின் வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறைவது உண்மைதான். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது அந்த எஞ்சின்களை. "அண்ணே, இதுல புகை டர்பைனைச் சுத்திட்டுத்தான் வெளிய வருது. டர்பைனுக்குப் பின்னால எவ்வளவு லேசா போகுதோ அவ்வளவு நல்லது," என்றேன். டர்போவுக்குள் புகையால் சுழலும் சக்கரம்தான் டர்பைன்; அது காற்றை எஞ்சினுக்குள் அழுத்தும் கம்பிரஷரைச் சுற்றும். அதைச் சுற்ற வைப்பது அதன் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். பின்பக்கம் அடைத்தால் சுழற்சி மந்தமாகும், எஞ்சினுக்குள் சூடும் ஏறும். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. காசு கொடுக்கிறவன் சொல்கிறான், செய்வோம் என்கிற மாதிரித் தலையாட்டினார்.

சரி, அப்படியென்றால் ஏன் குதிரைவலு கூடவில்லை? இரண்டு காரணம். ஒன்று, இந்த மாதிரிக் காரில் புகைக்கு அதிகம் தடையாக இருப்பது டர்போவை ஒட்டியே இருக்கும், புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கன்வேட்டர். அதற்குப் பின்னால் வரும் பைப்பும் சைலன்சரும் 102 குதிரைவலுவுக்கு ஏற்கெனவே போதுமான அளவில்தான் இருக்கின்றன. இரண்டாவது, இப்போதைய டர்போ கார்களில் எவ்வளவு பூஸ்ட் (டர்போ அழுத்தம்), எவ்வளவு டோர்க் (இழுவிசை) என்று முடிவு செய்வது எஞ்சினின் கம்பியூட்டரான ஈசியூ. வழி லேசானால் அது புகையில் ஒரு பங்கை டர்பைனைத் தொடாமல் விலக்கி விடும் வேஸ்ட்கேட் கதவைச் சற்று அதிகம் திறந்து அதே டோர்க்கைத்தான் கொடுக்கும். ரீமேப் பண்ணாமல், அதாவது ஈசியூவின் கணக்கை மாற்றாமல், பின் பைப்பை மட்டும் மாற்றினால் சத்தம்தான் மாறும். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே மிதிக்கும்போது கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது. காதில் விழும் சத்தத்தால் அப்படித் தோன்றவும் கூடும். வலுவை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றிப் பார்க்கவில்லை.

உயரமும் இதில் ஒரு விஷயம். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். டர்போ இல்லாத கார் அங்கே ஏறும்போது மூச்சு வாங்குவது அதனால்தான். டர்போ காரில் கம்பிரஷர் கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையை நிரப்பும். தலவாக்கலை தாண்டி நானுஓயாப் பக்கம் ஏறும்போது என் காரின் டர்போ கொழும்பில் ஓடுவதைவிட அதிக வேலை செய்கிறது. ஆகவே மலையில் வசிப்பவன் டர்பைனுக்குப் பின்னால் வழியை லேசாக வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக மூன்று அங்குலப் பைப் தேவையில்லை. நான் போட்டது 2.25 அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர். 150 குதிரைவலுவுக்கும் அது தாராளம்.

கன்வேட்டர்தான் தடை என்றால் அதைக் கழற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். நான் கண்டிக்குப் போவதற்கு முன் விலை விசாரித்த ஒரு கராஜில் அதைத்தான் சொன்னார்கள். "கெட்டை எடுத்துட்டு நேர் பைப் போட்டுத் தாறோம், கூலி வேணாம்." கூலி ஏன் வேண்டாம் என்றால், உள்ளே இருக்கும் பிளாட்டினம், பலேடியம், ரோடியத்துக்காக. கழற்றிய கன்வேட்டரை அவர்கள் வைத்துக்கொள்வார்கள், கூலியைவிடப் பல மடங்கு அதில் வந்துவிடும். நமக்கு மிஞ்சுவது எஞ்சின் லைட்டும் பெற்றோல் நாற்றமும்தான். கன்வேட்டருக்குப் பின்னால் உள்ள ஒட்சிசன் சென்சர் குறைபாட்டைக் கண்டுபிடித்து P0420 என்ற பிழைக் கோட் காட்டும். புகைப் பரிசோதனையில் ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் காபனோரொட்சைட்டையும் எரியாத ஹைட்ரோகாபனையும் அளக்கிறார்கள்; கன்வேட்டர் இல்லாமல் அதில் நிம்மதியாக நிற்க முடியாது. அது தேறினால்தான் வருமான அனுமதிப்பத்திரம். நான் கன்வேட்டரைத் தொடவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப்பில் இருந்துதான் மாற்றினேன். அந்த ஃபிளெக்ஸைச் சில பேர் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். குறுக்காக எஞ்சின் வைத்த காரில் மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் முன்னும் பின்னும் அசையும். ஃபிளெக்ஸ் இல்லாவிட்டால் அந்த அசைவு முழுவதும் வெல்டிங்கில் இறங்கி, சில மாதத்தில் விரிசல் விடும்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். நான் அதிகம் மெனக்கெட்டது இதில்தான்.

மூன்று சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு மூன்று முறை வெடிப்பு. 2,400 ஆர்பிஎம்மில் கணக்குப் பார்த்தால் வினாடிக்கு 60. அந்தத் தாழ்ந்த அதிர்வு சின்ன ஹேட்ச்பேக்கின் கூரையையும் பின் கதவையும் பிடித்து ஆட்டும். காருக்குள் 'ஊம்ம்' என்று ஒரு இரைச்சல் காதை அழுத்தும். தட்டையான ஹைவேயில் அந்த ஆர்பிஎம்மைத் தாண்டிப் போய்விடலாம். கொட்டகலையில் இருந்து தலவாக்கலை வரை, டெவன் நீர்வீழ்ச்சியும் சென்கிளேயரும் தெரியும் அந்த வளைவுகளில், லொறிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும்போது ஓட்டோ கியர் 2,000க்கும் 2,500க்கும் இடையிலேயே கிடக்கும். அதாவது சரியாக அந்த இரைச்சலுக்குள்ளேயே.

பண்டாரவளையில் இருக்கும் என் மச்சான் தன் டர்போவுக்கு ரெசனேட்டர் (நடுவில் இரைச்சலை அடக்கும் குடுவை) இல்லாமல் நேர் பைப்பும் கடைசியில் ஒரு சின்ன மஃப்ளரும் (சைலன்சர்) போட்டார். வெளியில் நின்று கேட்டால் கம்பீரமாக இருக்கும். உள்ளே உட்கார்ந்து ஹப்புத்தளை வரை போய் இறங்கினால் தலை இடிக்கும். அக்கா இப்போது அந்தக் காரில் ஏறுவதில்லை, பஸ்ஸில் போகிறார்.

ஆகவே நான் நடுவில் ஒரு நீளமான ரெசனேட்டரும் பின்னால் கொள்ளளவு கூடிய மஃப்ளரும் போடச் சொன்னேன். பக்கவாட்டில் முனை அடைத்த பைப் ஒன்றை ஒட்டினால் குறிப்பிட்ட அதிர்வை அடக்கலாம் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். வேலை செய்யும்தான். ஆனால் 60 ஹேர்ட்ஸுக்கு அந்தப் பைப் ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளமாக இருக்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் அடியில் அதற்கு எங்கே இடம்? முதலில் மஃப்ளரைப் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்தி, ஒரு ஏற்றத்தில் ஓட்டிக் கேட்ட பிறகே முழு வெல்டிங் செய்ய வைத்தேன். எந்தப் பாஸிடம் போனாலும் இதைக் கேட்டுச் செய்யுங்கள். நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கிக் காட்டும்போது எல்லா எக்ஸோஸ்ட்டும் நன்றாகத்தான் இருக்கும். பாரம் ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும்.

போட்ட புதிதில் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் மெல்லிய உறுமல், அவ்வளவுதான். ஒரு வருடம் கடந்ததும் சத்தம் கொஞ்சம் கூடியது. நேர் துளைப் பைப்பைச் சுற்றி ஃபைபர் பஞ்சு அடைத்த மஃப்ளர்களில் இது வழக்கம். சூட்டிலும் புகையின் வேகத்திலும் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடும். துளைக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஸ்டெயின்லெஸ் கம்பிப் பஞ்சு ஒரு சுற்றுப் போட்டிருந்தால் நீண்ட காலம் நிற்கும். என்னுடையதைத் திறந்து பஞ்சு மாற்றும்போது அதையும் போட்டோம். திறக்க முடியாதபடி முழுவதும் வெல்டிங் செய்த மஃப்ளராக இருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

உலோகத்தைப் பற்றி. கடைக்காரர் எல்லோரும் 'ஸ்டெயின்லெஸ்' என்றுதான் சொல்வார்கள். 409 என்ற தரம் கம்பெனிகள் சாதாரணமாகப் போடுவது. மேலே துரு படியும், சீக்கிரம் ஓட்டை விழாது. 304 இல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். எங்கள் மூடுபனிக்கு அதுதான் சரி. காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டாவிட்டால் 304 என்று நம்புகிறவர்கள் உண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201 இலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது ஈரத்தில் சீக்கிரம் பழுப்பாகும். எனவே காந்தத்தை நம்பாமல் பைப்பின் மேல் அச்சடித்த தர எண்ணைப் பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். வளைவுகளையும் கையால் தடவிப் பாருங்கள். மெஷினில் நசுங்காமல் வளைத்த பைப்பில் சுற்றளவு ஒரே மாதிரி இருக்கும். நசுங்கி வளைந்ததில் உட்பக்கம் சுருக்கம் விழுந்திருக்கும். அந்த இடத்தில் 2.25 அங்குலம் இரண்டுக்கும் கீழே போய்விடும்.

அரிப்பு வெளியில் இருந்து மட்டும் வருவதில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டுத் திரும்பும் குளிர்காலைச் சவாரியில் பைப் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். ஆவி மஃப்ளருக்குள்ளேயே தண்ணீராகத் தங்கும். அதனால் மஃப்ளரின் தாழ்வான மூலையில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடச் சொன்னேன். காலையில் அதிலிருந்து கரி கலந்த கறுப்புத் தண்ணீர் சொட்டும்போது, கார் ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டு ஐயா பலமுறை வந்து சொல்லிவிட்டார்.

தோட்டத்து ரோட்டில் போகிறவர்கள் பைப்புகளைப் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்ச் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பாருங்கள். போல்ட் இரண்டும் கிடையாக இருந்தால் கல்லில் இடிக்காது. கீழ்நோக்கி ஒன்று இருந்தால் அதுதான் முதலில் தேயும். தொங்கவிடும் ரப்பர்களைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய ரப்பர் தளர்ந்தால் பைப் பம்பரில் தட்டும் சத்தத்தை டிஃபரன்ஷியல் வரை தேடிக்கொண்டு திரிய வேண்டும்.

பெற்றோல் செலவு மாறவில்லை. 92 ஒக்டேனிலேயே ஓடுகிறது. 95 கிடைக்கும் பெற்றோல் ஷெட் மேலே ஏற ஏறக் குறைவு என்பதால், 95ஐ நம்பி ரீமேப் பண்ணும் யோசனையையும் கைவிட்டேன். 2025 தொடக்கத்தில் பொலிஸார் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்ற வைத்த நாட்களில் என்னையும் நிறுத்தினார்கள். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மச்சான் அந்த நாட்களில் காரை வெளியே எடுக்கவே இல்லை.

சிவிக் 1.0 டர்போ வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் இதே அளவு பொருந்துமா என்று கேட்டிருந்தார்கள். அதுவும் மூன்று சிலிண்டர்தான், 2.25 அங்குலம் போதும். படிப்படியாக மாறாத சிவிடி கியர் என்பதால் ஏற்றத்தில் ஒரே ஆர்பிஎம்மில் நிலைத்து நிற்கும், ரெசனேட்டரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 658 சிசி வேகன் ஆர் ஸ்டிங்ரே டர்போவுக்கு 64 குதிரைவலுதான். அதற்கு இரண்டு அங்குலத்தைத் தாண்டச் சொல்லும் கராஜில் காரை விடாதீர்கள்.