புத்தகக் கடை வைக்க ஆசைப்படறவங்களுக்கான ஆன்லைன் கோர்ஸ்: வாங்கலாமா வேணாமா?

"எனக்கு புத்தகம்னா உயிரு, அதனால புத்தகம் விக்கப் போறேன்"னு கிளம்பறவங்கள மொத பாடத்துலயே உக்கார வெச்சு தெளிய வெக்கறாங்க, அதுக்கே பாதி மார்க் குடுத்துட்டேன். படிக்கற ஆளுக்கு ஒரு புத்தகம் புடிச்சா போதும், விக்கற ஆளுக்கு தனக்குப் புடிக்காத புத்தகத்தையும் யாரு தேடி வருவாங்கனு தெரியணும். வாங்கறப்பவே லாபம் முடிவாயிடுது, விக்கறது அதுக்கப்புறம் நடக்கற வேலை, இதத்தான் கோர்ஸ் முழுக்க வேற வேற மாதிரி சொல்லிட்டே இருக்காங்க. எனக்கு இதுல முழு சம்மதம்.

கோர்ஸ் ரெண்டு பாதி. மொதல்ல புது புத்தகம் விக்கற கடை, அடுத்தது பழைய புத்தகம். வீடியோ, கூடவே போட்டுப் பாக்க பயிற்சித் தாள், அவ்ளோதான்.

மொத பாதியில உருப்படியான விஷயம் கணக்குதான். பதிப்பாளர் 40 சதவீதம் கழிவு குடுக்கறாருனு வைங்க, 100க்கு விக்கற புத்தகம் உங்களுக்கு 60க்கு வருது. கூட்டம் வரட்டும்னு நீங்க வாடிக்கையாளருக்கு 10 சதவீதம் தள்ளுபடி போட்டா அந்த 10 உங்க 40ல இருந்துதான் போகுது, அதாவது லாபத்துல கால்வாசி காலி, அதுக்கப்புறம்தான் வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம். இத பேப்பர்ல போட்டுப் பாக்காம "10 பர்சென்ட் தானே"னு ஆரம்பிக்கற கடைங்க எத்தனையோ. அடுத்தது ரிட்டர்ன். திருப்பி அனுப்பலாம்ங்கற கண்டிஷன்ல வாங்கறது ஒண்ணு, கழிவு கொஞ்சம் கூட கிடைக்கும் ஆனா திருப்ப முடியாதுனு வாங்கறது இன்னொண்ணு, புதுசா வர்றவங்க அந்தக் கூடுதல் கழிவப் பாத்து ரெண்டாவதுல விழுந்துடறாங்க. இந்த இடத்த நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா திருப்பி அனுப்பற லாரி வாடகை பெரும்பாலும் கடைக்காரர் தலையிலதான் விழும், பணமும் பல சமயம் கையில வராம அடுத்த ஆர்டர்ல கழிச்சுப்பாங்க, இதெல்லாம் போற போக்குல ஒரு வரியோட முடிச்சுட்டாங்க. ஒரு கடை மூச்சு முட்டறதே அங்கதான், அதுக்கு தனிப் பாடமே வேணும்.

ஸ்டாக் எவ்ளோ வேகமா சுத்துதுனு பாக்கற கணக்கும் இருக்கு. வருஷத்துல வித்த புத்தகங்களோட அடக்க விலைய, சராசரியா கடையில கிடக்கற ஸ்டாக்கோட அடக்க விலையால வகுக்கணும். மூணு வந்தா ஒரு புத்தகம் சராசரியா நாலு மாசம் அலமாரியில உக்காந்திருக்குனு அர்த்தம். பயிற்சித் தாள் சூப்பர், போட்டுப் பாருங்க.

இப்ப ரெண்டாவது பாதி. கோர்ஸோட உயிரே இதுதான். பாடம் எடுக்கறவரு ஒரு அட்டைப் பெட்டி பழைய புத்தகத்த கேமரா முன்னாடி கொட்டிட்டு ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கறாரு. மொதல்ல அட்டைய பாக்கல, காப்பிரைட் பக்கத்தத்தான் திருப்பறாரு. அங்க சில பதிப்பகங்க 10ல இருந்து 1 வரைக்கும் வரிசையா எண் போட்டிருப்பாங்க, ஒவ்வொரு மறுஅச்சுக்கும் ஒரு எண்ண எடுத்துடுவாங்க, மிச்சம் இருக்கறதுல சின்ன எண் எதுவோ அதுதான் எத்தனாவது அச்சுனு சொல்லும். அப்புறம் முதுகு, தையல், உள்பக்க மடிப்புல ஈரம் பட்ட கறை, பூச்சி அரிச்ச ஓட்டை, யாராவது பேனாவுல அடிக்கோடு போட்டிருக்காங்களா, நடுவுல படப் பக்கம் எதுவும் கிழிச்சு எடுத்திருக்காங்களா, எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சுடறாரு. கை போற வேகத்த நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். நடுவுல காகிதம் பத்தியும் சொல்றாரு: 19ஆம் நூற்றாண்டு நடுவுல மரக்கூழ் காகிதம் பரவினப்போ அமிலமும் கூடவே வந்துடுச்சு, அதனாலதான் அதுக்கும் முந்தின கந்தல்துணிக் காகிதம் இன்னும் திடமா இருக்கு, நூறு வருஷம் ஆன புத்தகம் தொட்டா உதிருது. பழசுனாலே விலைனு நினைக்கறவங்க இத கட்டாயம் பாக்கணும்.

போன்ல பார்கோட ஸ்கேன் பண்ணி விலை பாக்கறதும் சொல்லிக் குடுக்கறாங்க, கூடவே அதோட எல்லையும். ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் குடுக்கற அடையாள எண், சர்வதேசத் தரமா ஆனது 1970ல, அதனால அதுக்கு முந்தின புத்தகத்துல பெரும்பாலும் எண்ணே இருக்காது, ஸ்கேனர நம்பி வர்றவங்க அதத் தாண்டிப் போயிடுவாங்க, கண்ண நம்பறவங்களுக்கு அங்கதான் வேட்டை. 2007ல 10 இலக்கம் 13 ஆச்சு, பழைய எண்ண மாத்தணும்னா முன்னாடி 978 சேத்தா மட்டும் போதாது, எண் சரியானு காட்டற கடைசி சரிபார்ப்பு இலக்கத்தையும் திரும்பக் கணக்குப் போடணும், இதையும் ஒரு தாள்ல குடுத்திருக்காங்க. எத்தனை பேரு போட்டுப் பாப்பாங்கனு தெரியல, ஆன்லைன் விற்பனைப் பட்டியல்ல தப்பு எண்ணோட கிடக்கற புத்தகம் தேடறவன் கண்ணுலயே படாது.

விவரம் எழுதற பாடம் எனக்கு ரொம்பப் புடிச்சது. "நல்ல நிலையில் உள்ளது"னு எழுதறத அவரு எழுதவே விடல. மேலுறை இருக்கா, ஓரம் எங்க கிழிஞ்சிருக்கு, எத்தனாவது பக்கத்துல பேர் எழுதியிருக்கு, லைப்ரரி சீல் இருக்கா, எல்லாத்தையும் நீங்களே முன்கூட்டி சொல்லிட்டா ரிட்டர்ன் வராது, வாங்கினவரு திரும்ப வருவாரு, அவ்ளோதான் தொழில். நிலைய தரம் பிரிக்கற சொற்கள ஒரு அமெரிக்க வார இதழ் 1949லயே பொதுவா வகுத்துச்சு, அதுல "குட்" (Good)னு போட்டா சராசரியா அடிபட்ட புத்தகம், பக்கம் மட்டும் எதுவும் குறையாதுனுதான் அர்த்தம். இது தெரியாம வாங்கி சண்ட போடறவங்களும் உண்டு, தெரியாமயே விக்கறவங்களும் உண்டு.

விலை வெக்கறதுல ஒரு கதை வருது, கேட்டு சிரிச்சிட்டேன். 2011ல அமேசான்ல ஈ பத்தின ஒரு உயிரியல் புத்தகம் 2 கோடியே 36 லட்சம் டாலர் வரைக்கும் ஏறிடுச்சு. ஒரு விற்பனையாளரோட சாஃப்ட்வேர் இன்னொருத்தர் விலைக்கு கொஞ்சூண்டு கீழ வெக்குது, அந்த இன்னொருத்தரோடது இவரு விலைய விட 27 சதவீதம் மேல வெக்குது, ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்து ஏத்திக்கிட்டே போயிருக்கு, மனுஷங்க யாரும் பாக்கல. தானா விலை மாத்தற சாஃப்ட்வேர் வெச்சா மேல ஒரு உச்சவரம்பு, கீழ ஒரு வரம்பு ரெண்டும் போடுங்கனு சொல்றாரு. கீழ் வரம்பு இல்லாதவங்கதான் கடைசில தபால் செலவக்கூட எடுக்க முடியாம விக்கறாங்க.

குறைனு பாத்தா, "தொழில வளர்ப்பது"னு தலைப்பு வெச்ச கடைசிப் பகுதி வெறும் சத்தம். சோஷியல் மீடியால போடுங்க, எழுத்தாளர் சந்திப்பு நடத்துங்க, இத சொல்ல கோர்ஸ் வேணுமா? ஒரு துறையப் புடிச்சு, உதாரணத்துக்கு ரயில், தாவரம், சதுரங்கம், அதுல பெயர் எடுக்கறது எப்படி, அந்தத் துறை ஆளுங்களுக்கு பட்டியல் அனுப்பறது எப்படி, ஒருத்தரோட சேகரிப்பு மொத்தமா விலைக்கு வர்றப்போ குடும்பத்துகிட்ட எப்படி நியாயமா பேசறது, இதெல்லாம்தான் நெலச்சு நிக்க வெக்கும், ஒண்ணுமே இல்ல. யாராவது ஒரு கடையில கொஞ்ச நாள் வேலைக்கு நின்னு கத்துக்கோங்கனு கூட சொல்லல, கோர்ஸ் விக்கறவங்க எப்படி சொல்லுவாங்கனும் வைங்க.

சப்டைட்டில் கண்றாவி, எண்கள எல்லாம் தப்புத் தப்பா காட்டுது, கணக்குப் பாடம் பாக்கறப்போ சப்டைட்டில ஆஃப் பண்ணிடுங்க. முடிவுல ஒரு சான்றிதழ் வருது, பிரிண்ட் எடுக்காதீங்க. ரெண்டாவது பாதிய தனியாவும் தர்றாங்க, பழைய புத்தகம் மட்டும் விக்கப் போறீங்கன்னா அது போதும், வீட்ல இருக்கற பழைய புத்தகங்கள பக்கத்துல வெச்சுக்கிட்டு கூடவே திருப்பிப் பாத்தாதான் பிரயோஜனம். அஞ்சுக்கு மூணரை.