ஈப்போவில் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாராவது பெரிய ஸ்பீக்கர் ஜோடிக்காகப் பணம் சேர்த்து வைத்திருந்தால், தயவுசெய்து கடைக்குள் கால் வைப்பதற்கு முன் இதை முழுவதும் படியுங்கள். ஏமாற்றப்பட்டவர் என் அண்ணன். செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் வந்ததும் பிள்ளைகளுக்கு, வீட்டுக் கூரைக்கு என்று எல்லாம் கொடுத்து முடித்துவிட்டுத் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான்: கோயில் திருவிழாவில் கேட்கும் நாதஸ்வரமும் தவிலும் வீட்டிலும் அப்படியே கேட்க வேண்டும்.

ஈப்போவில் ஒரு கடை. உயரமான ஸ்பீக்கர் ஜோடி, முன்னால் ஒரு ரிசீவர் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் உள்ளேயே இருக்கும் பெட்டி), அதன் விளக்கு எரிகிறது, அதன் ஒலியளவுக் குமிழைத்தான் திருப்புகிறார்கள். கிட்டாரோடு ஒரு பெண் குரல் போட்டுக் காட்டினார்கள், அருமையாக இருந்தது. "அண்ணே, எட்டு ஓம் ஸ்பீக்கர், 90 டெசிபெல், இந்த ரிசீவர் 150 வாட், தாராளமா ஓட்டும்" என்று முதலாளியே சொன்னார். இரண்டும் சேர்த்துப் பத்தாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். அண்ணன் ரொக்கமாகக் கொடுத்தார்.

வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்டால் குறை தெரியவில்லை. தவில் ஏறி வரும் இடத்தில் கொஞ்சம் சத்தமாக வைத்தால் ரிசீவர் பட்டென்று அணைந்துவிடும். மேல்மூடியில் கை வைக்க முடியாத சூடு. கொஞ்ச நாளில் ஒரு பக்க ட்வீட்டர் (கீச்சென்ற உச்ச ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) செத்துவிட்டது. கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? ட்வீட்டரின் கம்பிச் சுருள் எரிந்தால் அது பயன்படுத்துபவர் தப்பாம், வாரண்டியில் வராதாம், வேண்டுமானால் இன்னும் ஆறாயிரம் வெள்ளிக்கு ஒரு பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுவதற்கென்றே தனிப் பெட்டி) போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது, அதே இடத்தில் ஓடிக்கொண்டிருந்த அதே மாடல் ரிசீவரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கர் கம்பி ரிசீவரில் இல்லவே இல்லை! ப்ரீ அவுட் துளையிலிருந்து (ஒலியை வேறு ஆம்ப்புக்கு அனுப்பும் துளை) ஒரு கேபிள் கீழ்த்தட்டுக்கு இறங்கி, துணி மூடிய ஒரு பெரிய பவர் ஆம்ப்பில் போய்ச் சேர்கிறது. குமிழ் ரிசீவருடையது, ஸ்பீக்கரை ஓட்டுவது வேறு ஒன்று. அண்ணன் காதால் கேட்டது அவர் வாங்கிய பொருளையே இல்லை. அந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டேன்.

இப்போது அந்த எட்டு ஓம் விஷயம், ஏனென்றால் இதை வைத்துத்தான் எல்லாரையும் மடக்குகிறார்கள். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, ஓமில் அளப்பது) ஒரே எண் கிடையாது, ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும்; அது இறங்க இறங்க ஆம்ப் கூடுதல் கரண்ட் கொடுக்க வேண்டும். அண்ணனுடைய ஸ்பீக்கரின் தாளில் 8 ஓம் என்று பெரிதாகவும், குறைந்தபட்சம் 3.2 என்று பொடி எழுத்திலும் இருக்கிறது. இது அபூர்வம் இல்லை. போவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 802 டி3 போன்ற பெரிய பெயரிலும் 8 ஓம், குறைந்தபட்சம் 3 என்றுதான் போட்டிருப்பார்கள். ஐஇசி (மின்கருவிகளுக்கான உலகத் தர அமைப்பு) தரவிதிப்படி, சொல்லும் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, அதாவது 8 என்றால் 6.4. ஆகவே ஆம்ப் தேடும்போது இப்படிப்பட்டதை 4 ஓம் ஸ்பீக்கர் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த 90 டெசிபெல்லும் (ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) 2.83 வோல்ட்டுக்கு அளந்தது. 8 ஓமில் அது 1 வாட், 4 ஓமில் 2 வாட். உண்மையில் ஒரு வாட்டுக்கு 87தான் வருகிறது. 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். தவிலில் ஒரு அடி சராசரியைவிட 10 டெசிபெல் எகிறினால் அந்தக் கணத்துக்குப் பத்து மடங்கு. மெல்லிய பெண் குரலில் இந்தக் குட்டு வெளிப்படவே படாது, அதனால்தான் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரிசீவரின் 150 வாட்? கையேட்டைப் புரட்டினால் அது 6 ஓமில், ஒரே ஒரு சேனல் (ஒரு பக்க ஸ்பீக்கர்) ஓடும்போது, 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீத டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவு). இரண்டு சேனலும் ஓடி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில் 80 வாட். 4 ஓமுக்கு எண்ணே கொடுக்கவில்லை. கரண்ட் போதாமல் ஆம்ப் திணறும்போது அலையின் தலை வெட்டுப்படும், அப்படி வெட்டுப்பட்ட ஒலிதான் ட்வீட்டரைச் சுடும். பெரிய ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்கும் என்று பயப்படுகிறோம், பல வீடுகளில் எரிப்பது சின்ன ஆம்ப்.

எல்லா ஸ்பீக்கருக்கும் பெரிய ஆம்ப் வேண்டும் என்று சொல்லவில்லை. கிளிப்ஷ் லா ஸ்காலா 105 டெசிபெல், அதை எட்டு வாட் வால்வ் ஆம்ப்பே அதிர வைக்கும். மேக்னபேன் மாதிரி 86 டெசிபெல், 4 ஓம் தட்டை ஸ்பீக்கருக்கு அதே எட்டு வாட்டைக் கொடுத்தால் முனகும். ஜோடி பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கடையில் ஸ்பீக்கர் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே போய் எந்தப் பெட்டியில் முடிகிறது என்று பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். உங்கள் பாட்டைக் கொண்டுபோய், வீட்டில் வைக்கும் சத்தத்தில் அரைமணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது குமிழை அதே இடத்தில் வைத்து மாற்றினால் சென்சிடிவிட்டி கூடியது சத்தமாகக் கேட்கும், சத்தமாகக் கேட்பது நல்லதாகவே தோன்றும். கைத்தொலைபேசியில் டெசிபெல் செயலி போட்டு இரண்டையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். அப்புறம், 4 ஓமில் எத்தனை வாட், இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போதா என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள்.

நாங்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகிறோம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கை, பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, பிரச்சினை நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பில், கையேட்டின் அந்தப் பக்கம், பின்பக்கத்து போட்டோ எல்லாம் சேர்த்தாகிவிட்டது. உங்களுக்கும் இதே மாதிரி ஜோடி விற்றிருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், காட்டிய ஆம்ப் எது, கொடுத்தது எது என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.