நாகர்கோவில்ல லிவர் பிரஷர் அனிமல் மாடல் கிளாஸ், எம்.பார்ம் படிக்கிறவங்க போலாமா?

வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு டியூஷன் சென்டர்ல போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன் கிளாஸ் போனேன், கொள்ளாம் மக்கா. ஈரலுக்கு போற போர்ட்டல் வெயின்ல பிரஷர் ஏறுறத எலில எப்படி உண்டாக்குறாங்கன்னு சார் ரப்பர் டியூப் வச்சே காட்டுனாரு, டியூப் மேல 20 கேஜ் மொட்டை ஊசிய ஒட்டி வச்சு ரெண்டையும் சேத்து சில்க் நூலால இறுக்கி கட்டிட்டு ஊசிய மட்டும் பைய உருவுனாரு, மிஞ்சுற அந்த துளி இடைவெளி வழியாதான் இனி ரத்தம் போகணும், புத்தகத்துல எத்தனை தடவ படிச்சும் ஏறாதது அப்பதான் ஏறிச்சு. இதுல பிரஷர் உடனே கூடும், ரெண்டு வாரத்துல ரத்தம் பக்கவழி பிடிச்சிரும், ஆனா ஈரல்ல சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போறது, வராது. சிரோசிஸும் வேணும்னா பித்தநாளத்த கட்டணும், சுமாரா 4 வாரம், இல்லன்னா ஈரல கெடுக்குற கார்பன் டெட்ராகுளோரைடுங்கற கெமிக்கல குடுக்கணும், அது மாசக்கணக்குல இழுக்கும். எலிக்கு (ராட், சுண்டெலி இல்ல) பித்தப்பையே கிடையாதுங்கறதும் அங்கதான் கேட்டேன்.

பிடிக்காதது ஒண்ணுதான். எதிக்ஸ் கமிட்டி அனுமதி, மயக்க மருந்து, ஆபரேஷனுக்கு அப்புறம் வலி மருந்து எல்லாத்தையும் கடைசில ஓட்டமா முடிச்சுட்டாங்க, அதுவும் உசிருதானே, அதுக்கு தனி கிளாஸே வைக்கணும். ஃபீஸ் பரவால்ல. மார்த்தாண்டம், தக்கலை பக்கம் உள்ளவங்க சனிக்கிழமை பேட்ச் உண்டான்னு கேட்டுட்டு சேருங்க.