பழுப்புக் கொழுப்பைத் தட்டி எழுப்ப: குளிரா, தைராய்டு மாத்திரையா?

பெரியவர்களுக்கும் கழுத்திலும் காறை எலும்பை ஒட்டியும், எரிந்து உடம்புக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு வேலை செய்கிறது என்பது 2009-இல் வந்த பெட் ஸ்கேன் ஆய்வுகளுக்குப் பிறகுதான் உறுதியானது. அதை எழுப்பிவிட்டால் இளைத்துவிடலாம் என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பியது.

குளிர் பட்டால் நரம்பு நுனியில் நார்அட்ரினலின் சுரக்கிறது. அது பழுப்புக் கொழுப்புச் செல்லுக்குள்ளேயே டி4 என்ற தைராய்டு ஹார்மோனில் இருந்து ஓர் அயோடினைக் கழற்றி, வீரியம் கூடிய டி3 ஆக்கும் நொதியை முடுக்கிவிட, சூடு உண்டாக்கும் யுசிபி1 புரதம் கூடி, கொழுப்பு எரிந்து வெறும் சூடாகப் போகிறது. தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் மட்டும் டி3. என்ன, இப்படி எரியும் கலோரி ரெண்டு பரோட்டா கணக்குக்கே தாங்காது.

மாத்திரை அப்படியில்லை. தைராய்டு குறைவாகச் சுரப்பவருக்கு லெவோதைராக்சின், அதாவது டி4 மாத்திரை, அவசியம், அதில் பேச்சே இல்லை. ஆனால் சுரப்பு சரியாக இருப்பவர் இளைக்க வேண்டும் என்று விழுங்கினால் ஹார்மோன் உடம்பு முழுக்கப் பாய்கிறது: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தசை கரையும், நாளாக நாளாக எலும்பும் தேயும். அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கு இதைத் தரக்கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் பச்சைத் தண்ணீர்க் குளியலே மேல். இதயக் கோளாறு உள்ளவர்கள் அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.