மெட்ரோ நிலையத்தை ஒட்டிய நிலம்: கார் நிறுத்தமா, குடியிருப்பா?

மொரீஷியஸின் மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் 2022-இல் கியூர்பிப் நகரை எட்டிவிட்டது. இனி பேச வேண்டியது நிலையங்களை ஒட்டிய நிலத்தைப் பற்றித்தான்.

ஒரு காருக்கு, திரும்பும் வழியும் சேர்த்து, 25 முதல் 30 சதுர மீட்டர் தேவை. 100 காருக்கு 3,000 சதுர மீட்டர் வரை. காலையில் ஒருமுறை நிரம்பினால், மாலை வரை அந்த இடம் புதிய பயணி எவரையும் தராது.

அதே நிலத்தில் பாதியை மட்டும் கட்டி, கீழே கடைகள், மேலே மூன்று மாடி என்று வைத்தால், படிக்கட்டு உட்பட வீட்டுக்கு 80 சதுர மீட்டர் கணக்கில் ஐம்பதுக்கு மேல் வீடுகள் வரும். அங்கிருப்பவர்கள் எந்நேரமும் ரயிலேறுவார்கள்.

குடியிருப்புத் திட்டம் கெடுவது நடைவழியில். வரைபடத்தில் வீட்டிலிருந்து நிலையத்துக்கு 400 மீட்டர்; சுற்றுச்சுவரின் வாசல் மறுபக்கம் இருந்தால் அதுவே இரட்டிப்பாகும். கியூர்பிப் மழையில் கூரையில்லாத நடைபாதை, மூடியில்லாத வாய்க்கால், நடுவில் மின்கம்பம்: சந்தைப் பையோடு வரும் பாட்டி சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு கார் இடம் கட்டாயம் என்றால் தரைத்தளம் கார்களுக்கே போய்விடும், கடை வராது.

கார் நிறுத்தம் கடைசி நிலையத்துக்குப் பொருந்தும், பஸ் எட்டாத ஊர்க்காரர்களுக்காக. அதையும் 300 மீட்டர் தள்ளியே வைக்கலாம். வாடகை வீடுகளுக்கான பங்கை, நிலவிலை ஏறுமுன் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.