20 அங்குல யுனிசைக்கிளுக்கு 125 மி.மீ. கிராங்கா, 100-ஆ? காரைக்குடிப் பக்கத்துத் தெருக்களில் ஓட்டிய அனுபவம்

தேவகோட்டை நண்பர் ஒருவர் 20 அங்குல யுனிசைக்கிள் (ஒற்றைச் சக்கர சைக்கிள்) வாங்கியிருக்கிறார். 125 மி.மீ. கிராங்கோடு, அதாவது பெடலை அச்சோடு இணைக்கும் கையோடு, வந்திருக்கிறது. "இதைக் கழற்றிட்டு 100 போட்டா வழுக்கிக்கிட்டுப் போகும்ங்கிறாங்களே, போடலாமா?" என்று கேட்டார். அதே அளவுச் சக்கரத்தில் 125, 114, 100 மூன்றையும் மாற்றி மாற்றி நெடுநாளாக ஓட்டிவருவதால் அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. சீட்டு, ஃபோர்க் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நான் பேசும் வண்டி: 406 ரிம் (டயர் உட்காரும் விட்டம், மி.மீ.-ல்), 1.95 அங்குல டயர், சதுர முனை அச்சு. சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். பேச்சு முழுக்கக் கிராங்கைப் பற்றியும், ஓட்டும்போது இடது பக்கம் கேட்கத் தொடங்கும் "டக்" சத்தத்தைப் பற்றியும்தான்.

முதலில் கணக்கு. இதில் செயின் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. பெடல் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரு சுற்று, தூரம் சுமார் 1.57 மீட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டர். கிராங்கை எவ்வளவு குட்டையாக்கினாலும் இந்தத் தூரம் கூடாது. மாறுவது கால் வரையும் வட்டம். 125-ல் அதன் விட்டம் 250 மி.மீ., 100-ல் 200. நிமிடத்துக்கு அதே 100 சுற்றுக்கு, 125-ல் பாதம் நொடிக்கு 1.3 மீட்டர் ஓட வேண்டும், 100-ல் 1.05 மீட்டர் போதும். அதனால்தான் குட்டைக் கிராங்கில் வேகம் தானாக வந்ததுபோல் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை: அதே திருப்பு விசைக்கு 125-ல் அழுத்துவதைவிட 100-ல் நாலில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்த வேண்டும். ஏறும்போதும் சரி, வேகத்தைப் பிடித்து நிறுத்தும்போதும் சரி. இந்தச் சக்கரத்தில் பிரேக் என்பது கால்தானே.

100 தரும் சுகத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகவும் அகலமாகவும் இருக்கும். தார் ரோட்டின் மேல் மெல்லிய செம்மண் தூசு படிந்திருக்கும் காலை நேரத்தில் ஓட்டிவிட்டு, இறங்கித் திரும்பி டயர்த் தடத்தைப் பாருங்கள். 125-ல் ஒவ்வொரு மிதிக்கும் தடம் இடமும் வலமுமாக நெளிந்திருக்கும். காரணம், நீளக் கிராங்கில் தொடை அதிகம் ஏறி இறங்குகிறது, இடுப்பு ஆடுகிறது, இடுப்போடு சீட்டும் சக்கரமும் திரும்புகின்றன. 100 போட்டால் அந்த நெளிவு பெருமளவு அடங்கிவிடும். தெரு முனை வரை ஒரே கோடு. அந்தக் கோட்டைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே 100 வாங்கலாம் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் பலர் கிராங்கை மாற்றிவிட்டுச் சீட்டைத் தொடுவதே இல்லை. 25 மி.மீ. குட்டையாக்கினால் பெடலின் தாழ்ந்த புள்ளி 25 மி.மீ. மேலே வந்துவிடுகிறது. சீட்டையும் அதே 25 ஏற்ற வேண்டும். ஏற்றினால், பெடல் உச்சியில் இருக்கும்போது சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே முன்னைவிட 50 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கும். முழங்கால் மடிப்பு அந்த அளவுக்குக் குறையும். குட்டைக் கிராங்கின் சுகத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஏற்றாமல் ஓட்டிவிட்டு "100 எனக்கு ஒத்துவரல, முட்டி வலிக்குது" என்பது கிராங்க் மேல் போடும் வீண்பழி. குதிகாலைப் பெடலில் வைத்து, அது தாழ்ந்திருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. சீட் போஸ்டில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச நுழைவுக் கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் நீளமான போஸ்ட் வாங்கியே ஆக வேண்டும்.

100 கைவிடும் இடம் சின்னச் சின்ன மேடுகள். வேகமே இல்லாமல் சக்கரம் ஒரு விளிம்பில் முட்டி நிற்கிறது, எகிறவில்லை, சீட்டைக் கையால் இழுக்கவில்லை, உடல் எடை முழுவதும் கிடைமட்டமாக இருக்கும் முன் பெடலில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 125 கிராங்க் கணக்குப்படி ஏறக்குறைய 33 மி.மீ. உயரத்தை ஏறும். 114 என்றால் 27, 100 என்றால் 21, 89 என்றால் 16 மி.மீ. மட்டுமே. உண்மையில் ஓட்டத்தின் வேகமும் டயர் அமுங்குவதும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனாலும் இந்த வரிசை மாறாது. நம் தெருக்களில் வாய்க்கால் மூடிய சிலாப்பின் விளிம்பு, குழாய் பதித்து மூடிய பள்ளம், பேவர் கல் முடிந்து தார் தொடங்கும் இடம், இவையெல்லாம் சரியாக இந்த 21-க்கும் 33-க்கும் நடுவில்தான் வருகின்றன. 125-ல் கவனிக்காமலே தாண்டும் விளிம்பு 100-ல் ஆளை முன்னால் தள்ளிவிடும். வேகத்தடைக்கு முன்னால் பெடல் கிடைமட்டமாக வருமாறு சுற்றைக் கணித்து மிதிக்கப் பழகினால் 100-லும் தாண்டலாம். பழகும் வரை மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள்.

எதற்கு எது என்றால்: புதிதாகப் பழகுபவருக்கு 125. மெதுவாகப் போக, நிற்க, பின்னால் மிதிக்க எல்லாவற்றுக்கும் அதில் பிடி இருக்கிறது. குதித்துத் திண்டு ஏறும் ட்ரையல்ஸ் வேலைக்கும் 125 முதல் 140 வரைதான் சரி. 150 வேண்டாம், 20 அங்குலத்தில் அச்சின் உயரமே 250 மி.மீ.தான், பெடல் மையம் தரையிலிருந்து 100-க்கு வந்துவிடும், கூர்மையாகத் திரும்பும்போது பெடல் உரசும். நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடும் ஐட்லிங், வட்டமடிப்பது, இசைக்கு ஆடும் ஃப்ரீஸ்டைல், இவற்றுக்கு 100 அருமை. 89 அந்த வேலையில் கை தேர்ந்தவர்களுக்கு மட்டும். போட்டிக்குப் போகும் எண்ணமிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சர்வதேச யுனிசைக்கிள் கூட்டமைப்பின் விதிப்படி 20 அங்குலத் தடகளப் பிரிவில் டயரின் வெளி விட்டம் 518 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, கிராங்க் 100-க்குக் கீழ் இருக்கக் கூடாது. 24 அங்குலப் பிரிவில் அந்தக் குறைந்தபட்சம் 125. ஆக 89-ஐப் பூட்டிக்கொண்டு ஓட்டப் பந்தயத்தில் நிற்க முடியாது.

வீட்டுக்குள் ஓட்டுவதைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். வளவு வீட்டின் முகப்பும் பட்டாலையும் ஐட்லிங் பழக நல்ல இடம்தான், தூண்களைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கீழே இருப்பது ஆத்தங்குடிக் கல். அதன் வண்ணம் மேலே இருக்கும் மெல்லிய சிமெண்ட் அடுக்கில் இருக்கிறது. முள் வைத்த இரும்புப் பெடல் ஒரு முறை விழுந்தால் பெயர்ந்துவிடும். அதே பூ வேலைப்பாடு உள்ள கல் தேடி அலைய வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் பெடல், கறை விடாத வெளிர்நிற டயர், சீட்டின் இரு முனையிலும் ரப்பர்க் காப்பு, இம்மூன்றும் இல்லாமல் உள்ளே கொண்டுபோகாதீர்கள். எண்ணெய் போட்டுத் துடைத்த அன்று ஆச்சி சம்மதித்தாலும் ஏற வேண்டாம். 125-ல் மெதுவாக அழுத்தினால்கூட டயர் வழுக்கும்.

இனி அந்தச் சத்தம். வாங்கிய கொஞ்ச நாளிலேயே இடது பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்". இதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதைப்போல் எரிச்சல் வேறில்லை. கிராங்கை மாற்ற மாற்ற இது கூடத்தான் செய்யும். சாதாரண சைக்கிளில் கிராங்க் முன்பக்கம் மட்டுமே இழுபடும். இங்கே வேகத்தைக் குறைக்க, ஐட்லிங் செய்ய, ஏற என்று எல்லாவற்றுக்கும் பின்பக்கமும் அழுத்துகிறோம். அச்சின் சதுர முனை எஃகு, கிராங்க் அலுமினியம். முன்னும் பின்னும் மாறி மாறி இடிபட்டால் அலுமினியத் துளைதான் தேயும். எந்தக் காலை முதலில் பெடலில் வைத்து ஏறுகிறோமோ அந்தப் பக்கம்தான் முழு எடையும் பின்னோக்கி விழுகிறது. இடது காலால் ஏறுபவருக்கு இடது பக்கம் முதலில் லூசாவதன் காரணம் இதுதான்.

சத்தம் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. சீட்டில் உட்காராமல் நின்று மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் சீட்டு அல்லது போஸ்ட். நிற்கவில்லை என்றால் பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி 15 ஸ்பேனரால் இறுக்குங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசை. அதன்பிறகும் சத்தம் வந்தால், சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கிராங்கை ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் இருந்தாலும் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். லூசான கிராங்கோடு வீடு வரை ஓட்டினால்கூடச் சதுரத் துளை வட்டமாகத் தொடங்கும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, புதுக் கிராங்க்தான்.

கிராங்க் போல்ட்டை இறுக்கும் அளவு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 30 செ.மீ. கைப்பிடியின் முனையில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ எடை தொங்கும் அளவுக்கு அழுத்தம். சதுர முனையையும் துளையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். கிரீஸ் போல்ட்டின் மரைக்கு மட்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை இறுக்கினால் போதும். அதன்பின் சரிபார்க்க மட்டும் செய்யுங்கள். வாராவாரம் இறுக்கிக்கொண்டே போனால் கிராங்க் உள்ளே உள்ளே ஏறி வெடித்துவிடும்.

கழற்ற கிராங்க் புல்லர் வேண்டும், 22 மி.மீ. மரை உள்ளது. அதைக் கையாலேயே கடைசி வரை திருகி ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும். பாதி மரையில் நிறுத்தி அழுத்தினால் கிராங்கின் மரை உருவிக்கொண்டு வரும். நம் ஊர் சைக்கிள் கடைகளில் காட்டர் பின் (ஆப்புபோல் அடித்து ஏற்றும் ஆணி) போட்ட கிராங்குகளோடு பழகிய கை சுத்தியலை எடுக்கும். ஒரு கடையில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அச்சின் முனையில் தட்டிவிட்டார்கள். பேரிங் அன்றே போனது. பேரிங் என்னவோ கிடைக்கும். பல மாடல்களில் இருப்பது 17 உள், 40 வெளி, 12 அகலம் கொண்ட 6203. மோட்டார் சாமான் கடையில் வாங்கலாம். மாட்டும்போது மூடியின் இரு போல்ட்டையும் சமமாக, சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். புல்லரைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை இனாமாக வண்டியோடு தராத விற்பனையாளர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம். கிராங்கின் பின்பக்கம் L, R எழுதியிருக்கும். சீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் L வலப்பக்கம் வந்துவிடும். அப்படி ஓட்டினால் பெடல் தானாகவே கழன்று, பாதி மரையில் தொங்கி, கிராங்கின் மரையை அரைத்துவிடும். புதிய யுனிசைக்கிள்கள் பல இப்படித்தான் பாழாகின்றன.

டயரில் இரண்டு விஷயம். கண்மாய்க் கரை, ஊருணிக் கரைப் பக்கம் போனால் சீமைக்கருவேல முள் டியூப்பை விடாது. தடித்த டியூப்போடு டயருக்குள் பட்டை ஒன்றும் போடுங்கள். அடுத்து, ஐட்லிங்கும் திருப்பமும் எப்போதும் ஒரே பெடல் நிலையில் நடப்பதால் டயர் ஒரே இடத்தில் மொட்டையாகும். மாதம் ஒரு முறை காற்றை இறக்கி, ரிம்மின் மேல் டயரைக் கால் சுற்று நகர்த்துங்கள். புது டயர் வாங்கும்போது ஓரத்தில் 406 என்று இருக்கிறதா பாருங்கள். 20 x 1 3/8 என்பது 451, ஏறவே ஏறாது.

நண்பருக்கு என் பதில்: 100-ஐ இவ்வளவு புகழ்ந்த பிறகும், ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் 114 வாங்குங்கள். 125-ஐவிடப் பத்து சதவீதம்தான் கூடுதல் அழுத்தம், 27 மி.மீ. விளிம்பு வரை பயமில்லை, நெளிவும் கணிசமாகக் குறைகிறது. மாற்றி மாற்றிப் போடுவதால் தேயும் சதுரத் துளையும் மிச்சம். இரண்டு துளைக் கிராங்க் வாங்கலாமே என்று கேட்பீர்கள். உள் துளையில் பெடல் போட்டால் வெளியே நீட்டும் முனை கணுக்காலை இடிக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்டர் போடும் முன் உங்கள் அச்சைப் பாருங்கள். முனை சதுரமா, பத்துப் பல் வைத்த ஐசிஸ் வகையா? அதைப் பிடிப்பது போல்ட்டா நட்டா? பழைய கிராங்க் ஃபோர்க்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது? மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.